துலாம் ராசிக்கு ஒரு சொல்

1

காலண்டர் இந்த வருடம் தாமதமாகத்தான் வந்தது. பொங்கல் முடிந்து, இங்கே கால்வாய் உறைந்து, உறைந்தது உருகியும் விட்ட பிறகு. புத்தூரிலிருந்து அக்கா அனுப்புவது. தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டர். மேலே அட்டையில் சமயபுரத்தம்மன், கீழே ஒரு செங்கல் கனத்துக்குத் தாள்கள். நான் நெதர்லாந்துக்கு வந்து பதின்மூன்று வருடம். பதின்மூன்று செங்கல். ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது.

அது வருவதற்கு முன்பாகத் தபால் சுங்கத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. உள்ளே இருப்பது அலங்காரப் பொருளா, மதப் பொருளா, அச்சிட்ட வாசிப்புப் பொருளா? ஒன்றில் மட்டும் குறியிடவும். மூன்றும்தான் என்று எழுத இடமில்லை. வாசிப்புப் பொருள் என்று குறியிட்டேன். பொய். எங்கள் வீட்டில் அதை யாரும் வாசிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே ஏழு தாள்களைச் சேர்த்துக் கிழிப்பேன். ஒரு வாரம் ஒரே ஒரு சத்தத்தோடு போய்விடும்.

"காலண்டர் வந்துச்சாடா?" அக்கா போனில்.

"வந்துருச்சுக்கா."

"ஆணில மாட்டினியா, இல்ல போன வருஷம் மாதிரி ஃப்ரிட்ஜ் மேல கெடக்கா?"

"மாட்டியாச்சு."

"அதைப் பொன்னிக்குக் காட்டுடா. அரிசி மூட்டையைப் பாத்துப் பேரு வச்சே. எழுத்தையாவது சொல்லிக் குடு."

பொன்னி என் மகள். ஏழு வயது. ஆற்றை நினைத்து வைத்த பெயர். அக்காவுக்கு அது அரிசிதான். இங்கே தமிழ்க் கடையில் மூட்டையின் மேல் தன் பெயர் பெரிதாக அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பொன்னியும் அத்தை பக்கம் சேர்ந்துவிட்டாள். தமிழில் அவளுக்கு அடையாளம் தெரிந்த ஒரே சொல் அந்த மூட்டையில் இருந்தது.

2

அவள் வகுப்பில் வீட்டுப்பாடம் கிடையாது. அதற்குப் பதில் செப்டம்பரிலிருந்து மாதம் ஒரு மஞ்சள் அட்டை. நாளுக்கு ஒரு கட்டம். குழந்தையோடு உட்கார்ந்து எத்தனை நிமிடம் வாசித்தோம் என்று எழுதிப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். பதினைந்து நிமிடம் இருந்தால் நல்லது என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

முதல் நாள் முறையாகத்தான் தொடங்கினேன். நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம், தூங்க மறுக்கும் ஒரு வாத்தைப் பற்றி. டச்சு மொழியில் ஓர் ஒலி உண்டு. உதட்டைக் குவித்துக்கொண்டு உள்ளே வேறெதையோ சொல்ல வேண்டும். வீடு என்றாலும் வெளி என்றாலும் டச்சில் அந்த ஒலிதான், வாத்தின் கதை முழுக்க. "அப்படி இல்லப்பா" என்றாள். மறுபடி சொன்னேன். "அப்படி இல்லப்பா." நாலாவது தடவை அவள் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் நான் புத்தகத்தை மூடினேன். வாத்து தூங்கியதா என்று எங்கள் இருவருக்கும் தெரியாமல் போயிற்று.

தமிழில் வாசித்திருக்கலாம். இரண்டு மொழி சேர்ந்தால் பிள்ளை குழம்பும் என்று யாரோ ஒரு பிறந்தநாள் விருந்தில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அலமாரியில் தமிழ்ப் புத்தகங்கள் நிறைய. பெரும்பாலும் கவிதை. நானும் எழுதுகிறவன். எல்லாம் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. நான் வாசிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். உதடு அசையாத ஒரு மனிதனை, கதவு சாத்திய வீட்டைப் பார்ப்பதுபோல.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அட்டையை எடுத்து ஏழு கட்டங்களையும் நிரப்பினேன். திருச்சியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் சோதனைகளையெல்லாம் ஒரே மூச்சில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டில் எழுதினோம். அளக்காமலே அளவு எழுதினோம். கிராஃப் அழகாக வளைந்தது. அது பொய்யென்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அது ரெக்கார்டு.

என் மனைவி சுமதியும் திருச்சியில் ரெக்கார்டு எழுதியவள்தான்.

"ஏங்க, எல்லாம் ஒரே நீலமா இருக்கு. நடுவுல பேனாவ மாத்துங்க."

மாற்றினேன்.

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு நிமிஷம்னு போடுங்க. தெனம் பதினஞ்சுன்னா எவன் நம்புவான்?"

போட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. நான் வேலை செய்வது பால் கறக்கும் இயந்திரங்களுக்குப் பாகம் கடையும் தொழிற்சாலையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாகத்தை அளந்து தாளில் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக நிரப்பினேன். பக்கத்து இயந்திரக்காரர் பார்த்துவிட்டார். "அளக்கவில்லை என்றால் அளக்கவில்லை என்று எழுது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் நாங்கள் போய் அளப்போம். பொய்க் கட்டத்தைப் பார்த்தால் வேறு இடத்தில் தேடுவோம்." அன்றோடு வேலையில் திருந்தினேன். வீட்டிலும் அதே பேனாதான் என்பது உறைக்கவில்லை.

3

அப்பாவும் கடைசல்காரர். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறை. அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. காலை ஆறேகாலுக்கு டிபன் கேரியரோடு கிளம்பி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ். அவருக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. வெர்னியரில் அளந்தால் மயிரிழை பிசகமாட்டார். கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

எங்கள் வீட்டிலும் இதே காலண்டர். தேதியை அவரே பார்த்துக்கொள்வார். அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட்டிருப்பான் இல்லையா, அதற்குத்தான் நான். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

"டேய், ரிஷபத்துக்கு என்ன போட்டிருக்கான்?"

"சுகம்ப்பா."

"சுகமா? லேத் பட்டறையிலயா? சரி, பாப்போம்."

ஒரு நாள் 'தடங்கல்' என்று இருந்தது. எழுத்துக் கூட்டிச் சரியாகவே வாசித்தேன். அப்பா ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தார். அப்படியே நின்றார். கேரியரைக் கீழே வைத்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். பிறகு இன்னொரு செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். தெரு முனை வரைக்கும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ரிஷபத்துக்குக் கெட்ட நாளே வரவில்லை. கவலையை மகிழ்ச்சி என்று வாசித்தேன். பகையை நட்பு என்றேன். விரல் வைத்து மறைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தினமும் வெற்றி என்றால் சந்தேகம் வரும் அல்லவா? அதனால் மற்ற பதினொரு ராசிகளிலிருந்தும் நல்ல சொற்களைப் பொறுக்கிச் சேர்த்துவைத்தேன். மேன்மை, பரிவு, தெளிவு, ஆதரவு. ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அப்பாவுக்குக் கொடுக்க முடியும். பள்ளிக்கூடம் கொடுத்ததைவிட அதிகமான சொற்கள் அந்த வாசற்படியில் எனக்குக் கிடைத்தன.

மாதங்கள் கழித்து ஒரு காலையில் அப்பா கேட்டார்: "ஏண்டா, இந்தக் காலண்டர்காரனுக்கு எம்மேல அப்படி என்ன பாசம்?"

கேட்டுக்கொண்டே கேரியரை எடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாயிருந்தது.

4

ஐந்து அட்டைகள் போன பிறகு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். இது பிப்ரவரியில்.

மேசைமேல் ஐந்து மஞ்சள் அட்டைகளும் வரிசையாக இருந்தன. நீலம், கறுப்பு, பச்சை. எதிரில் பொன்னியின் டீச்சர் மரேக்கா. பக்கத்தில், கற்பதில் சிக்கல் உள்ள பிள்ளைகளைச் சோதிக்கிற இன்னொரு அம்மா. அவர்கள் டச்சில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"வகுப்பிலேயே ஒரு கட்டம்கூடக் காலியில்லாத அட்டை உங்களுடையதுதான்" என்றார் மரேக்கா.

"நன்றி" என்றேன்.

"அதனால்தான் எங்களுக்குக் கவலை."

பொன்னி இன்னும் எழுத்துகளிலேயே நிற்கிறாள். வகுப்பில் கதை சொன்னால் ஜன்னலைப் பார்க்கிறாள். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். வீட்டில் யாரும் வாசித்துக் காட்டாத குழந்தை இப்படி இருந்தால் ஆச்சரியமில்லை. ஐந்து மாதம் தினமும் வாசித்துக் காட்டியும் ஒரு குழந்தை இப்படி இருந்தால், முடிச்சு வேறெங்கோ இருக்கிறது. நினைவில் இருக்கலாம், மூளை எழுத்தைப் பிடிக்கிற விதத்தில் இருக்கலாம். சோதிக்க வேண்டும். சோதனையில் உறுதியானால் அடுத்த கல்வியாண்டிலிருந்து வேறு பள்ளி. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். வீட்டுக்கே பஸ் வரும். இரண்டு வாரத்துக்குள் இந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து போட்டுத் தர வேண்டும்.

"புரிந்ததா?"

நம் ஊர் வழக்கப்படி தலையை ஆட்டினேன், ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவில். முதலில் இல்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி விளக்கினார்கள். மறுபடி ஆட்டினேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே மழை பொடியாகத் தூறியது. இங்கே மழை விழுவதில்லை, காற்றில் நின்றுகொண்டிருக்கும். சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது பக்கத்து இயந்திரக்காரர் குரல் கேட்டது. பொய்க் கட்டத்தைப் பார்த்தால் வேறு இடத்தில் தேடுவோம். தேடப் போகிறார்கள். என் கையெழுத்தில் இருக்கிற கோளாறை என் மகளின் தலைக்குள்.

5

சுமதி படிவத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"இவளுக்கு என்னவாம்?"

"இவளுக்கு ஒண்ணுமில்ல. நமக்குத்தான்."

"சொல்லிருங்க."

"என்னன்னு?"

"பேனாவ மாத்தி மாத்திப் போட்டோம்னு."

"அசிங்கமா இருக்காதா?"

"இருக்கும். நீங்க படுங்க அசிங்கம், நானும் படறேன். அவ எதுக்கு வேற பஸ்ல ஏறணும்?"

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் ஒன்பது நாள் கடத்தினேன். கடிதமாக எழுதிப் பார்த்தேன். எனக்குக் கடிதம் என்றால் லீவ் லெட்டர்தான் வரும். பொன்னிக்குக் காய்ச்சல் கண்டபோது 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள தகப்பன்' என்று முடித்து அனுப்பியதற்கு, அது ஏதாவது மத வழக்கமா என்று மரேக்கா கேட்டிருந்தார். இப்போதும் கை அப்படியே ஓடியது. கிழித்துப் போட்டுவிட்டு நேரில் போனேன். காலை மணி அடிக்கும் முன்பு, பள்ளி வாசலில். பிள்ளைகள் எங்கள் முழங்கால்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டில் நாங்கள் வாசிப்பதில்லை" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக டச்சு இலக்கணம் பிசகாமல் வந்தது.

மரேக்காவின் முகம் இளகியது. என் முழங்கையைத் தொட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நூலகத்தில் வகுப்பு இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை."

ஒரு கணம், அவர் தவறாகத் திறந்துவிட்ட அந்தக் கதவு வழியாகவே தப்பிவிடலாம் என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். என் அப்பாவுக்கு அது உண்மையாகவே பொருந்தியிருக்கும். படிக்கத் தெரியாமலே என் ப்ரோக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர், ஒவ்வொரு வரியையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு. எனக்கு அந்தச் சலுகை கிடையாது.

"தெரியும். வாசிக்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள். ஒரு வாத்து. பாதியில் நிறுத்திவிட்டேன்."

"ஏன்?"

"என் உச்சரிப்பை அவள் திருத்தினாள்."

மரேக்கா யோசித்தார். கோபம் வந்து, அதை எங்கோ வைத்துவிட்டுப் பேசுவது தெரிந்தது. "திருத்தினாள் என்றால் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் நான் தேடியது அதைத்தான்."

சோதனையை மே விடுமுறை வரை தள்ளிவைப்பதாகச் சொன்னார். அதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் படிவம் திரும்ப வரும். உங்கள் மொழியில் வாசியுங்கள் என்றார். குழம்ப மாட்டாளா என்று கேட்டேன். கதை என்றால் என்ன, ஒன்றுக்குப் பின் ஒன்று ஏன் வருகிறது, எழுதியிருப்பதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறான் என்பதெல்லாம் ஒரு மொழியில் பிடிபட்டால் போதும், அடுத்ததற்கு அவளே தூக்கிக்கொண்டு வருவாள் என்றார். புதிய மஞ்சள் அட்டை ஒன்றைக் கொடுத்தார்.

"வாசிக்காத நாளுக்குப் பூஜ்யம் போடுங்கள். எனக்குப் பூஜ்யம் பிடிக்கும்."

6

வீட்டில் குழந்தைக்கான தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. என் கவிதைகளை எடுத்துப் பார்த்தேன். ஏழு வயதுக்கு ஒரு வரி தேறவில்லை. என் நாற்பத்தாறு வயதுக்குத் தேறுமா என்பது வேறு விஷயம். மிச்சம் இருந்தது காலண்டர். ஆணியைப் பிடுங்கி அவள் உயரத்துக்கு இறக்கி அடித்தேன்.

காலையில் ஷூ மாட்டும் முன் ஒரு தாள், மூன்று சொல். அவளுக்கு மீனம், எனக்குத் துலாம், அம்மாவுக்குக் கன்னி. கிழிக்கிற உரிமை அவளுக்கு. முதல் வாரம் நான் வாசித்தேன், அவள் கிழித்தாள். இரண்டாம் வாரம் ஒரு நாள் கன்னியில் விரலை வைத்து, "இதுல என் பாதி இருக்கு" என்றாள். மூட்டையில் பார்த்த அதே பின்பாதி. அதிலிருந்து முன்பாதிக்குப் போனாள். அவளாக வாசித்த முதல் ராசி அவள் அம்மா.

பிறகு கேள்விகள்.

"அப்பா, இந்த மீனம் ஏன் எப்பப் பாத்தாலும் கவலையாவே இருக்கு?"

"தெரியலடி."

"யாராவது திட்டியிருப்பாங்க. இந்தச் சிம்மமாத்தான் இருக்கும். அதுக்கு நேத்து சினம்."

பன்னிரண்டு பேரையும் அவள் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடிவைத்துவிட்டாள். மேஷம் கீழ்வீடு, சிம்மம் மேல்வீடு, இருவருக்கும் நாயைப் பற்றித் தகராறு. தனுசுவுக்கு அலைச்சல், அவர் தபால்காரர். ஒரு சொல்லை வாசிக்க அரை நிமிடம் ஆனது. அது ஏன் அப்படி ஆயிற்று என்று பேசி முடிக்கப் பத்து நிமிடம். அட்டையில் எதை எழுதுவது என்று மரேக்காவைக் கேட்டேன். இரண்டையும் என்றார்.

வாத்துப் புத்தகத்தைச் சுமதி திரும்ப எடுத்துவந்தாள். அவளுக்குத் திருத்தப்படுவதில் கூச்சம் இல்லை. "சரிங்க டீச்சர், இன்னொரு வாட்டி சொல்லுங்க டீச்சர்" என்று அவள் கேட்பதும், பொன்னி உதட்டைக் குவித்துக் காட்டுவதும் சமையலறைக்குக் கேட்கும். வாத்து கடைசியில் தூங்கிவிட்டது. எனக்கு இது தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

பூஜ்யங்களும் இருந்தன. ஷிப்ட் மாறிய வாரத்தில் நான்கு. எழுதினேன். கை கூசியது, பழகியது.

ஏப்ரலில் மரேக்கா பள்ளி வாசலில் என்னை நிறுத்தினார். வகுப்பில் நரியும் கோழியும் வருகிற ஒரு கதை சொன்னாராம். பொன்னி கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டாளாம்: நரி பொய் சொல்வது கோழிக்குத் தெரியுமா? "எழுத்து மெதுவாகவே வரட்டும். இந்தக் கேள்விக்காகத்தான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறோம்" என்றார்.

7

முடிவைச் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கூட்டத்தில் படிவம் திரும்ப வரவில்லை. எழுத்தில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறாள், டச்சில் வரிவரியாகத் தடுக்குகிறாள். ஆனாலும் சோதனை வேண்டாம், இதே வகுப்புப் பிள்ளைகளோடு மேலே போகட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இதை அக்காவிடம் சொன்னபோது, "காலண்டரை நானில்ல அனுப்பிச்சேன்?" என்றாள். நியாயம்தான்.

நான் எழுத உட்கார்ந்தது அன்று காலையைப் பற்றி. கூட்டம் ஒன்பது மணிக்கு. நான் சீக்கிரமே எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, காப்பிக்குப் பால் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். எதிரில் காலண்டர். குனிந்து அன்றைய தாளைப் பார்த்தேன். துலாம்: கவலை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் பால் பொங்கி வழிந்ததைக் கவனிக்கவில்லை.

ஏழே முக்காலுக்குப் பொன்னி வந்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ். மீனத்தை வாசித்தாள்: உதவி. கன்னியை வாசித்தாள்: பொறுமை. துலாத்துக்கு வந்ததும் நின்றாள். கவலை என்பது மூன்றே எழுத்து. மீனத்தின் தயவில் அதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாள். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

திரும்பி என் சட்டையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"துலாம்... மகிழ்ச்சி" என்றாள்.

"அப்படியா போட்டிருக்கு?"

"ஆமாப்பா. ம, கி, ழ்..." என்று எழுத்துக் கூட்டி வேறு காட்டினாள், தாளில் இல்லாத எழுத்துகளை, வரிசை தப்பாமல்.

தாளைக் கிழித்தாள். அவள் சேர்த்துவைக்கிற டப்பாவில் அதைப் போடவில்லை. நாலாக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொரு ஷூவைத் தேடப் போனாள். மஞ்சள் அட்டையை எடுத்து அன்றைய கட்டத்தில் இரண்டு நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் அப்பாவுக்கு வாசித்தபோது எதையும் மறைக்க வேண்டியிருந்ததில்லை. பொன்னி வாசித்தபோது, அந்தச் சொல்லின் மேல் அவள் கட்டைவிரல் இருந்தது. தன் அப்பாவுக்குப் படிக்கத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.